அரை அங்குல செலோடேப்

அத்தியாயம் 11

சென்ற வாரம் ஐலீனைத் தேவாலயப் பாடகர் குழுவின் அலமாரி முன்னால், தரையில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். மடியில் ஒரு பழைய கேசட். அதன் மேல் கணவர் ரேமண்டின் சாய்ந்த கையெழுத்து. பக்கத்தில் மகள் அபிகெயில், "அப்பா கேசட் இங்க எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டபடி நின்றாள்.

ஐலீன் சொன்ன பதில் நினைவிருக்கும். "தெரியாம பண்ணிட்டேன்டி. காலி கேசட்டுனு நெனச்சு அது மேல ரெக்கார்ட் பண்ணிட்டேன்." ரேமண்டின் பழைய பேண்டு பாடி வைத்த ஒரே பதிவு, தவக்காலப் பாடல் ஒத்திகைக்கு அடியில் புதைந்துபோனது. மகள் நம்பினாள். அவள் சொன்ன விதத்தில் நாமும் நம்பினோம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேமண்ட் ஒரு காலத்தில் ஜொகூர் பாரு ஓட்டல்களில் கரகரத்த குரலில் புளூஸும் ராக்கும் பாடியவர். கல்யாணத்தோடு அதை விட்டார். இரண்டு வருடத்துக்கு முன் தைராய்டு ஆபரேஷனில் குரல் நரம்பு கெட்டு, இப்போது பேச்சே வெறும் காற்றாகத்தான் வருகிறது. அவர் பேசுவது கேட்க வேண்டுமென்றால் வீட்டில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். அடுத்த சனிக்கிழமை அவர்களுடைய கல்யாண வெள்ளி விழா. அன்றைக்குத் தேவாலய மண்டபத்தில், அவருடைய பாட்டை அவருடைய பாணியிலேயே பாடிக் காட்டுவது என்று ஐலீன் எட்டு வாரமாக அவருக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

இன்னும் ஏழு நாள்தான் இருக்கிறது.

* * *

சனிக்கிழமை காலை பத்து மணி. ஜொகூர் பாருவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. கிளாரிசா கீபோர்டை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து வந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவளுக்கு வயது இருபத்தேழு, மாணவிக்கு ஐம்பது. டீச்சர் மாணவிக்குத் தண்ணீர் கொடுக்கிற வகுப்பு இது.

"முதல்ல கதவுக் கீல், ஆன்ட்டி."

கதவுக் கீல் என்றால், வாயை லேசாகத் திறந்து, காற்றை மிகக் கொஞ்சமாக விட்டு, எண்ணெய் காணாத கீல் மாதிரி கிர்ர்ர் என்று ஒலி எழுப்புவது. தூங்கி எழுந்து முதல் வார்த்தை பேசும்போது நம் எல்லோருக்கும் வருமே, அந்தச் சத்தம்தான். முதல் இரண்டு வாரம் ஐலீன் அதைக் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தாள். இருபத்தெட்டு வருடம் பாடகர் குழுவில் பாடியவள். தொண்டையில் துளி கரகரப்பு வந்தால் இஞ்சித் தண்ணீரைக் குடித்து விரட்டியவள். இப்போது அதையே கெஞ்சிக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

"கிர்ர்ர்…"

"பாகுஸ், நல்லா வருது. இப்ப அப்படியே பாட்டுக்குள்ள போங்க."

ஐலீன் தோளைத் தளர்த்திக்கொண்டு பாடினாள்.

"ஆறரை பஸ்ஸு போயிருச்சு, என் அலாரம் அடிக்கல…
ஆறரை பஸ்ஸு போயிருச்சு, அட, அலாரம் அடிக்கல…
நீ ஏறிப் போன வண்டியில எனக்கு எடம் கெடைக்கல…"

கிளாரிசா தலையைச் சாய்த்துக் கேட்டாள். கீழே டயர் கடையில் நட்டு கழற்றும் மெஷின் டர்ர்ர் என்று அலறி ஓய்ந்தது.

"ஆன்ட்டி, கீழ இருக்கிற மெஷின் உங்களவிட புளூஸா பாடுது."

"அடிப் போம்மா."

"சும்மா சொன்னேன் லா. சுதி சுத்தம். அதான் பிரச்சினை. ஒவ்வொரு வரியையும் இஸ்திரி போட்டு, மடிச்சு, அலமாரியில வைக்கிறீங்க. கசங்கட்டும், விடுங்க. 'அடிக்கல'ல அந்தக் கடைசி எழுத்த இவ்வளவு அழகா மூடாதீங்க. அவன் சோகத்துல இருக்கான், அவனுக்கு எங்க மூடத் தெரியும்?"

மறுபடி பாடினாள். இந்தத் தடவை கரகரப்பு வரட்டும் என்று கழுத்தை இறுக்கினாள். இருமல்தான் வந்தது.

"தொண்டையில தள்ளாதீங்க. வலிச்சா நிறுத்துங்க. காத்து வயித்துலருந்து வரணும், தொண்டை அதுபாட்டுக்குச் சும்மா இருக்கணும். கரகரப்ப மேலாக்க தூவுறோம், அவ்வளவுதான். ரொட்டி சானாய் மேல சீனி போடுற மாதிரி. ரொட்டியே சீனியாயிட்டா சாப்பிட முடியுமா?"

ஐலீன் சிரித்தாள். கிளாரிசா விரலால் மேசையில் தாளம் தட்டினாள்.

"இன்னொன்னு. இது பஸ்ஸ விட்டவன் பாட்டு. நீங்க பஸ் ஸ்டாப்ல பத்து நிமிஷம் முன்னாடியே வந்து நிக்கிறீங்க. தாளத்துக்குப் பின்னாடி வாங்க. லேட்டா வாங்க ஆன்ட்டி. லேட்டா வர்றதுக்கு வெக்கப்படாதீங்க."

வாழ்நாளில் ஒரு திருப்பலிக்குக்கூடத் தாமதமாகப் போகாத பெண்ணிடம் கேட்கிற காரியமா இது? ஆனாலும் ஐலீன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, தாளம் விழுந்த பிறகு ஒரு மூச்சு பொறுத்து, சோம்பலாக உள்ளே நுழைந்தாள். 'அலாரம்' என்ற சொல்லில் கீழிருந்து வழுக்கிக்கொண்டே சுரத்துக்கு ஏறினாள். ஏறும் வழியில் எதுவோ உரசியது. வலிக்கவில்லை. நெஞ்சுக்கூடு முழுக்க அதிர்ந்தது. அவள் குரல்தான், ஆனால் அவள் இதுவரை கேட்டே இராத குரல்.

பாட்டு தானாக நின்றது.

"அலமாக்! ஆன்ட்டி! அதான்! அதேதான்!" கிளாரிசா நாற்காலியிலிருந்து குதித்துவிட்டாள்.

ஐலீன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த பெண்ணைப் போல முகமெல்லாம் சிரிப்பு. உடம்பே லேசாகிப் போனது. எவ்வளவு பெரிய சந்தோஷம் இது என்று நினைத்தாள். நினைத்த அடுத்த நொடி சிரிப்பு அப்படியே வடிந்தது. இந்தச் சந்தோஷத்தை மாதம் ஒரு முறை ஒரு சின்னப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரிடமிருந்துதானே அவள் அதைப் பிடுங்கினாள்? அது என்னவென்றே தெரியாமல் பிடுங்கினாள். ஐம்பது வயதில், ஒரு டயர் கடை மாடியில், அது என்னவென்று தெரிந்தது.

"என்னாச்சு ஆன்ட்டி? தொண்ட வலிக்குதா?"

"இல்லம்மா. கொஞ்சம் தண்ணி குடு."

கிளாரிசா தண்ணீரைக் கொடுத்துவிட்டுத் தன் நோட்டைப் புரட்டினாள். "ரெண்டாவது சரணம் எங்க? அடுத்த சனி ஹால்ல நிக்கப்போறீங்க. மூணு வரிய வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் பாடுறது? கிட்டார் அங்கிளக் கேட்டீங்களா?"

கிட்டார் அங்கிள் என்றால் பெக்கோக்கில் இருக்கும் லெட்சுமணன். ரேமண்டின் பழைய கூட்டாளி. விழாவுக்குக் கிட்டாரோடு வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். "மெட்டு விரல்ல இருக்கும்மா. வார்த்தை அவன் எழுதினது, அவனத்தான் கேக்கணும்" என்று போனில் கையை விரித்துவிட்டார்.

"அப்ப இன்னிக்கே உங்க வீட்டு அங்கிள்கிட்ட கேட்டுடுங்க. கேசட் விஷயத்தையும் சொல்லிடுங்க. தெரியாம பண்ணதுதானே? என்ன பயம்?"

"ஆமா" என்றாள் ஐலீன். "தெரியாம பண்ணதுதான்."

அவள் கை தானாகக் கைப்பையின் வாயை இழுத்து மூடியது.

* * *

அபிகெயில் கீழே காரில் காத்திருந்தாள். சிங்கப்பூரில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. வாரம் முழுக்க விடிவதற்கு முன்னால் எல்லையைக் கடந்து, சனிக்கிழமை சிம்பாங் ரெங்கம் வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரை தூங்குகிற பெண். இந்த எட்டு வாரமாகத் தூக்கத்தை விட்டுவிட்டு அம்மாவுக்கு டிரைவராகியிருக்கிறாள்.

"மா, ரெண்டாவது சரணம் உங்களுக்குக் கொஞ்சம்கூட ஞாபகம் இல்லியா? அப்பா அந்தக் கேசட்ட எத்தனவாட்டி போட்டிருப்பாரு. நீங்க கேட்டிருப்பீங்கதானே?"

"மொத சரணம் வரைக்கும்தான் கேப்பேன்."

"அப்புறம்?"

"அடுப்படிக்குப் போயிடுவேன்."

அது உண்மை. ஆனால் பாதி உண்மை. அடுப்படிக்குப் போய் அவள் என்ன செய்தாள் என்பதை மகளுக்குச் சொல்லவில்லை. குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, காலியான தொட்டியின் முன்னால், பாட்டு முடியும்வரை சும்மா நின்றுகொண்டிருந்தாள். இரண்டாவது சரணம் காதில் விழாமல் இருப்பதற்காக.

அப்போது அவர்கள் காஹாங்கில், ரேமண்ட் வேலை செய்த பாமாயில் மில்லின் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஐலீனின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஓட்டலில், பாரில் பாடுகிறவனுக்குப் பெண் கிடையாது. ஐலீனும் அழுதுகொண்டே அதையேதான் சொன்னாள். ரேமண்ட் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சரி என்றார். சரி என்றவர் சாகும்வரை சரிதான் என்கிற ஜாதி. அதற்குப் பிறகு மைக்கைத் தொடவில்லை, முகம் சுளிக்கவில்லை, ஒரு நாள்கூடக் குத்திக் காட்டவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, திருப்பலி முடிந்து வந்ததும், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கேசட்டை மட்டும் ஒரு தடவை போட்டுக் கேட்பார். கதவைத் திறந்து வெளியே வரும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்துக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்பது ஐலீனுக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பாள். குடித்திருந்தால் அப்பாவிடம் சொல்லியிருப்பாள். இவ்வளவு நல்லவராக இருந்துகொண்டு, உள்ளே ஒரு மூலையை மட்டும் பூட்டி வைத்துக்கொண்டால் ஒரு மனைவி யாரிடம் போய் முறையிடுவது? அப்போது அவளுக்கு அப்படித்தான் பட்டது. இப்போது யோசித்தால், அந்த மூலை மாதத்துக்கு நாலு நிமிடம்.

கார் செடெனாக்கைத் தாண்டியது. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாக ஓடின. ஐலீன் பையிலிருந்து கேசட்டை எடுத்தாள்.

கேசட் போட்டுக் கேட்ட வயதுள்ளவர்களுக்குத் தெரியும். அதன் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது, உள்ளே இருக்கும் பாட்டை யாரும் தவறிப்போய்க்கூட அழிக்க முடியாது. ரேமண்ட் உடைத்துத்தான் வைத்திருந்தார். உடைந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு செலோடேப்பை ஒட்டினால் பட்டன் மறுபடி அமுங்கும். அதுவும் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த வித்தை.

2003ஆம் வருடம், தவக்காலம். சிம்பாங் ரெங்கத்துக்கு வீடு மாற ஒரு வாரம்தான் இருந்தது. ரேமண்ட் ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். ஒரு வயது அபிகெயில் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். அலமாரியில் பிரிக்காத காலி கேசட்டுகள் மூன்று இருந்தன. ஐலீன் அவற்றை ஒதுக்கிவிட்டு இதை எடுத்தாள். கத்தரிக்கோலால் செலோடேப்பை அளவாக வெட்டினாள். ஓட்டையின் மேல் ஒட்டி, சுருக்கம் விழாமல் நகத்தால் நீவிவிட்டாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குக் கிளம்பிப் போனாள்.

தெரியாமல் செய்தது என்று எப்படிச் சொல்வது? ஆனால் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதோ, இருபத்திரண்டு வருடத்தில் மஞ்சளேறிப் போன அரை அங்குலத் துண்டு இன்னும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவள் அதன் ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பினாள். காய்ந்துபோன செலோடேப் பொட்டென்று உடைந்து பாதி கையோடு வந்தது. மறுபாதியையும் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அதன் பிறகு இது வெறும் பழைய கேசட்.

"என்னம்மா சுரண்டுறீங்க?"

"ஒன்னுமில்ல. ஏதோ பசை."

"பயப்படாதீங்க மா. அப்பா கோவப்பட மாட்டாரு. ஆக்சிடென்ட்தானே லா."

மகள் அவ்வளவு அன்பாகச் சொன்னதும் ஐலீனுக்கு நகம் ஓடவில்லை. கேசட்டைப் பையில் போட்டுவிட்டு, வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

* * *

சாயங்காலம் நாலு மணிக்கு ரேமண்ட் சமையலறை மேசையில் உட்கார்ந்து பால் விடாத தே ஓ தேநீரில் கறிப்பாப்பைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்து நாலு வயது. இப்போது ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். குரல் போன பிறகு, பேச்சு அதிகம் தேவைப்படாத இடத்துக்கு அவரே கேட்டு மாற்றிக்கொண்டார். மேசை மேல் வெள்ளி விழா அழைப்பிதழ்கள், உறைக்குள் போடாதவை, ஒரு அடுக்காக இருந்தன.

ஐலீன் சுவரோரம் போய் மின்விசிறியை நிறுத்தினாள்.

ரேமண்ட் நிமிர்ந்து பார்த்தார். அந்த வீட்டில் விசிறியை நிறுத்தினால் ஏதோ பேச்சு இருக்கிறது என்று அர்த்தம். ஜொகூர் வெக்கையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் யாராலும் தாங்க முடியாது, ஆகையால் எல்லாப் பேச்சும் சுருக்கமாகத்தான் இருக்கும். அபிகெயில் வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்ன?" என்றார் ரேமண்ட். காற்று மட்டும் வந்தது.

"நான் ஒரு பாட்டு கத்துக்கிட்டிருக்கேங்க. பாடிக் காட்டட்டுமா?"

சர்ச் பாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கறிப்பாப்பைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஐலீன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாடினாள்.

"ஆறரை பஸ்ஸு போயிருச்சு…"

அவர் கை துணியோடு அப்படியே நின்றது. அவள் நிறுத்தவில்லை. 'அலாரம்' வந்தபோது காலையில் வந்த உரசல் முழுசாக வரவில்லை, ஓரத்தில் கொஞ்சம் வந்தது. இரண்டாவது வரியில் பயத்தில் தாளத்துக்கு முன்னால் ஓடினாள். டக் என்று மேசையில் ஒரு தட்டு விழுந்தது. ரேமண்டின் விரல்கள். மெதுவாக, கறாராக, அவளைப் பிடித்து நிறுத்தின.

"பின்னாடி வா" என்றார். "அவசரப்படாத."

அவள் பின்னால் வந்தாள். அவர் தட்டினார், அவள் பாடினாள். மூன்றாவது வரி முடிந்தபோது ரேமண்டின் கண் நிறைந்திருந்தது. காஹாங்கில், கதவு திறக்கும்போதெல்லாம் அந்த முகத்தில் இருந்த வெளிச்சம் இப்போது நேராக அவளைப் பார்த்தது. இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக அது அவளுக்கு.

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று அவளுக்குத் தோன்றியது. பையைத் திறக்காமலே இருந்துவிடலாம். ஆனால் அவர்தான் கேட்டுவிட்டார்.

"எங்க கத்துக்கிட்ட?"

"ஜொகூர் பாருல. ஒரு பொண்ணு சொல்லித் தருது. அடுத்த சனி ஹால்ல பாடலாம்னு… ரெண்டாவது சரணம் எனக்குத் தெரியல. நீங்க சொல்லணும்."

ரேமண்ட் மேசை மேல் சாய்ந்தார். "மெட்டு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டவர், அவள் பதிலுக்குக் காத்திராமல், சின்னப்பிள்ளையின் ஆசையோடு கேட்டார். "கேசட் கெடைச்சுதா?"

ஐலீன் அதைப் பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தன் கையெழுத்தைப் பார்த்ததும் அவர் அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். உள்ளே நாடா அறுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

அபிகெயிலால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. "பா, அதுல உங்க பாட்டு இல்லப்பா. அம்மா காலி கேசட்டுனு நெனச்சு அது மேல சர்ச் பாட்டு ரெக்கார்ட் பண்ணிட்டாங்க. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி. தெரியாம நடந்துருச்சு."

ரேமண்ட் தூக்கிய கேசட்டைக் கீழே இறக்கினார். பிறகு தலையாட்டினார். போகட்டும் என்கிற தலையாட்டல். ஐலீனின் பக்கம் கை நீட்டி அவள் மணிக்கட்டை லேசாகத் தட்டிக்கூடக் கொடுத்தார். மறு கையின் கட்டைவிரல் கேசட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்றது.

அவர் கீழே பார்த்தார். பாதி கிழிந்த செலோடேப். கிழிந்த இடத்தில் பளிச்சென்று ஓட்டை.

"நான் உடைச்சு வச்சிருந்தேனே" என்றார்.

பக்கத்து வீட்டில் யாரோ காரைக் கழுவும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. ஐலீனின் முதுகில் வியர்வை வழிந்தது.

"சர்ச்சுல யாராச்சும் ஒட்டியிருப்பாங்க பா" என்றாள் அபிகெயில். "செல்வராணி ஆன்ட்டிதானே அப்பல்லாம் ரெக்கார்டிங் பாத்துக்கிட்டாங்க? அவங்களா இருக்கும். இல்லம்மா?"

செல்வராணி இறந்து ஆறு வருடம் ஆகிறது. வந்து மறுக்கப்போவதில்லை. ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். ரேமண்ட் மறுபடி மணிக்கட்டைத் தட்டிக் கொடுப்பார், இரண்டாவது சரணத்தைச் சொல்வார், அடுத்த சனிக்கிழமை மண்டபமே எழுந்து நின்று கைதட்டும். அவர் கண் ஐலீனின் முகத்திலேயே இருந்தது. அவள் ஆமாம் என்று சொல்ல வேண்டுமென்று அந்தக் கண் கெஞ்சியது போலக்கூட இருந்தது.

"இல்லடி" என்றாள் ஐலீன். "நான்தான் ஒட்டினேன்."

"மா…"

"காலி கேசட் மூணு இருந்துச்சு. இதத்தான் எடுத்தேன். தெரிஞ்சுதான் எடுத்தேன்." குரல் உடைந்து, கரகரத்து, பாதி காற்றாக வந்தது. "உங்களுக்கு என்ன விட்டா வேற ஒன்னும் இருக்கக் கூடாதுனு நெனச்சேங்க. அது என்னன்னுகூட எனக்குத் தெரியாது. இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. மன்னிச்சிடுங்க."

ரேமண்ட் அவள் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்தார். முரட்டுத்தனமாக இல்லை. மேசையில் வைத்த பொருளை எடுப்பது போல எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிப் பேசினார்.

"வீடு மாறி வந்தப்ப மூணு நாள் தேடினேன். எல்லாப் பொட்டியையும் கொட்டிப் பாத்தேன்."

"ஆமாங்க."

"நீ கட்டிலுக்கு அடியில படுத்து டார்ச் அடிச்சுப் பாத்த." அவர் குரலில் கோபம் இல்லை. நம்ப முடியாமல், அதைத் தனக்கே சொல்லிக்கொண்டார். "என் கூடவே தேடினியே, ஐலீன்."

கேசட்டை அழித்ததற்கு இருபத்திரண்டு வருடமாக அவள் எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தாள். இதற்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. ரேமண்ட் எழுந்து சுவரோரம் போனார். ரெகுலேட்டரை ஒன்று, இரண்டு, மூன்று என்று திருகிக்கொண்டே போய் ஐந்தில் நிறுத்தினார். விசிறி தடதடவென்று சுழன்றது. அழைப்பிதழ்கள் மேசையிலிருந்து ஒவ்வொன்றாகப் பறந்து தரையில் விழுந்தன. யாரும் பொறுக்கவில்லை.

அவர் வந்து தன் இடத்திலேயே உட்கார்ந்தார். கேசட்டை முன்னால் வைத்துக்கொண்டார். வலது கை விரல்கள் மேசையில் தட்டத் தொடங்கின. மெதுவாக, தாளத்துக்குப் பின்னால் வருகிறவனுக்கு இடம் விட்டு.

அவர் உதடுகள் அசைந்தன.

ஐலீன் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வரி. அதே வரி மறுபடியும். ஆறரை என்று திறக்கிற வாய் இல்லை அது. வேறு வரி. கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, விசிறியின் இரைச்சலுக்குள் ரேமண்ட் தன்னுடைய இரண்டாவது சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூட இந்தப் பக்கம் வரவில்லை.

அபிகெயிலுக்கும் புரிந்துவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

ஐலீன் எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி" என்றாள். "அவரு பாடி முடிக்கட்டும்."